மாடியை யாருக்கு விடுவது?

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 2 அறைகள் சும்மா கிடக்கின்றன. சீசனில் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடச் சொல்கிறார் மச்சான். காலேஜ் பிள்ளைகளுக்கு விடலாமா என்று எனக்கு யோசனை. ‘அவர்களால் ஊருக்கு என்ன லாபம்? வாடகைதான் ஏறுகிறது’ என்கிறார்கள் பக்கத்து வீட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா?
– வாசகர், உதகை

பதில்: பிள்ளைகளுக்கே விடுங்கள் தம்பி. இதே உதகையில், காந்தலில் என் வீட்டு மாடியில் 19 வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். பலர் சேரம்பாடி, பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்த ஊர்கள் கூடலூரையும் தாண்டி இருக்கின்றன; கூடலூரிலிருந்தே இங்கே 50 கிலோமீட்டர் மலைப்பாதை. தினமும் பஸ்ஸில் வந்து படிக்க முடியுமா?

சீசன் காசு ஏப்ரல், மேயில் கொட்டும். பெரும்பங்கு லாட்ஜுக்கும் காருக்கும் போகும். பிள்ளைகள் செலவழிப்பது சில்லறைதான். ஆனால் ஜூலை மழையிலும் ஜனவரி உறைபனியிலும் கடைகளுக்கு அதுதான் வரும்படி. எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா மெஸ் நடத்தினார். மதியத்துக்கு மட்டும் 8 கிலோ அரிசி உலையில் போடுவார். காய்கறி மார்க்கெட்டிலிருந்து வரும், பால் பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடமிருந்து வரும், பாத்திரம் தேய்க்க 2 பெண்கள் இருந்தார்கள். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியதும் அடுப்பு அணைந்தது. அந்தப் பெண்கள் கேரட் கழுவப் போனார்கள். மாட்டுக்காரர் ஒரு மாட்டை விற்றார். மெஸ் பிறகு திறக்கவே இல்லை. ஜெராக்ஸ் கடைக்கும் வர்க்கி போடும் பேக்கரிக்கும் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பக்கத்து வீட்டார் பேச்சையும் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று ஒரு அறையில் 6 பேரை அடைத்து வசூலிக்கிற தொகையை ஒரு கடைச் சிப்பந்தியால் கொடுக்க முடியுமா? அவர் குடும்பம் ஊருக்கு வெளியே வீடு தேடிப் போகும். கட்டட விதிகள் கடுமையான மலை இது, நினைத்தபடி மாடிமேல் மாடி எழுப்ப முடியாது. இருக்கிற வீடுகளைத்தான் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதனால் தலைக்கணக்கு வேண்டாம், அறைக்கு 2 பேர், அறைக்கு இவ்வளவு என்று வாடகை வையுங்கள்.

2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்ட வேண்டாம். ஹீட்டருக்குத் தனி மீட்டர் வையுங்கள், டிசம்பர் கரண்ட் பில்லில்தான் சண்டை ஆரம்பிக்கும்.

இன்னொன்று. மே மாதம் கூடுதல் காசு வருகிறது என்று பிள்ளைகளைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்கள். பெட்டியும் படுக்கையுமாகச் சேரம்பாடி பஸ் ஏறிய ஒரு பெண், ஜூனில் கல்லூரி திறந்தபோது படிக்கத் திரும்பி வரவில்லை.