ஜப்பானின் முன்னாள் பேரரசர் அக்கிஹிதோ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஜப்பான் பேரரசருக்கு ஆட்சி அதிகாரமே கிடையாதாமே. அப்படியானால் அந்தப் பதவியில் அக்கிஹிதோ 30 வருடம் என்னதான் செய்தார்?

ப: 1947-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், பேரரசரை நாட்டின் சின்னம், மக்கள் ஒற்றுமையின் சின்னம் என்கிறது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் பிரதமரை நியமிப்பார், சட்டங்களை முறைப்படி வெளியிடுவார். எல்லாம் அமைச்சரவை சொல்படிதான். சரி, சின்னமாக இருப்பவர் காலையில் எழுந்து என்ன வேலை பார்க்க வேண்டும்? அதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த வேலையைத் தானே தேடி உருவாக்கிக்கொண்டதுதான் அக்கிஹிதோ செய்த பெரிய காரியம் என்பேன்.

1991 ஜூனில் உன்சென் எரிமலை சீறி 43 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே அவரும் மனைவி மிச்சிகோவும் அங்கே போனார்கள். நிவாரண முகாமில் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து பேசினார் பேரரசர். அவருடைய அப்பா ஹிரோஹிதோவை ஒரு காலத்தில் தெய்வமாகவே வைத்திருந்த நாடு அது. பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். இவர் விடவில்லை. 1995 கோபே பூகம்பத்திற்குப் பிறகும் போனார். 2011 சுனாமிக்குப் பிறகு வாராவாரம் முகாம்களுக்குப் போனபோது அவருக்கு வயது 77. அதற்கு முன்பே, சுனாமியைக் கிளப்பிய பூகம்பம் நடந்து ஐந்து நாள் கழித்து, தொலைக்காட்சி உரை மூலம் மக்களிடம் பேசினார்.

கே: போர்க்குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்டாரா?

ப: நேராகக் கேட்கவில்லை. அரசியல் பேச அவருக்கு உரிமை கிடையாது. 1992-இல் சீனாவுக்குப் போனார். அங்கே போன முதல் ஜப்பானியப் பேரரசர் அவர்தான். சீன மக்களுக்கு ஜப்பான் இழைத்த பெருந்துன்பத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 2005-இல் சைப்பான், 2015-இல் பெலெலியு என்று இரண்டாம் உலகப் போர் நடந்த தீவுகளுக்கும் போய் வணங்கினார். ஆனால் போர்க்குற்றவாளிகளையும் சேர்த்துப் போற்றும் யாசுகுனி கோயிலுக்குப் பேரரசராக இருந்தவரை ஒரு தடவைகூடப் போகவில்லை. பேச முடியாதவர், போன இடங்களாலும் போகாத இடத்தாலும் பேசினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கே: மீன் ஆராய்ச்சியாளராமே, நிஜமா?

ப: நிஜம்தான். உளுவை மீன் வகைகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இன்னொன்று: பட்டத்து இளவரசராக இருந்தபோது, 1965-இல், தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு 50 திலாப்பியா மீன்களை அனுப்பினார். நம்மூரில் ஜிலேபி என்கிறோமே, அந்த இனம்தான். அரண்மனைக் குளத்தில் பெருக்கி நாடெங்கும் கொடுத்தார்கள். இன்று தாய்லாந்தில் ஏழைகளும் வாங்கிச் சாப்பிடும் மீன் அது.

கே: சென்னைக்கு வந்தாரா?

ப: 2013 டிசம்பரில். கலாக்ஷேத்ராவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் போனார்கள். இந்தியாவுக்கு அது இரண்டாவது வருகை. 1960-இல் இளவரசராக மிச்சிகோவுடன் வந்திருக்கிறார்.

கே: மிச்சிகோ அரச வம்சமா?

ப: இல்லை. மாவு மில் நிறுவனம் நடத்திய குடும்பத்துப் பெண். டென்னிஸ் மைதானத்தில் பழக்கம், 1959-இல் கல்யாணம். அரச, பிரபுக் குடும்பங்களுக்கு வெளியிலிருந்து பட்டத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்ட முதல் பெண்.

கே: வயதாகிவிட்டால் மன்னர் விலகிக்கொள்ள வேண்டியதுதானே, அதில் என்ன சிக்கல்?

ப: ஜப்பானில் அதற்குச் சட்டமே இல்லை. 2003-இல் புற்றுநோய் அறுவை, 2012-இல் இதய அறுவை. விலக விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அது அரசியலில் தலையிட்டதாகிவிடும். 2016 ஆகஸ்டில் ஒளிபரப்பான உரையில் சுற்றி வளைத்துத்தான் பேசினார்: உடல் தளர்கிறது, இதுவரை செய்ததுபோல முழு மனதோடு கடமையைச் செய்ய முடியாமல் போகுமோ என்று கவலையாக இருக்கிறது என்றார். வேலையைக் குறைத்துக்கொண்டே போவதும் சரியில்லை என்றார். மக்கள் புரிந்துகொண்டார்கள். அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற சட்டம் 2017-இல் வந்தது. 2019 ஏப்ரல் 30-இல் விலகினார். 1817-க்குப் பிறகு பதவியில் இருக்கும்போதே விலகிய முதல் பேரரசர். மண்டியிட்டு உட்காருவதையே வேலையாக ஆக்கிக்கொண்டவர், அது முடியாதபோது பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு இதில் நியாயம் தெரிகிறது.

கே: அடுத்து யார்?

ப: இப்போது மகன் நருஹிதோ. அவருக்கு ஒரே மகள், ஐகோ. சட்டப்படி ஆண்களுக்கு மட்டுமே பட்டம் என்பதால் அவருக்கு வராது. நருஹிதோவின் தம்பி, அப்புறம் 2006-இல் பிறந்த தம்பி மகன் ஹிசாஹிதோ. அந்தத் தலைமுறையில் வேறு ஆண் வாரிசு இல்லை.