பெரிய பேர், சின்ன பர்ஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிரபல பிராண்டின் பர்ஸ் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். தோல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரங்களில் இருக்கும் கறுப்புப் பூச்சு வெடித்து உரிகிறது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: உரிவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அசலிலும் இது நடக்கும். வெட்டிய தோலின் ஓரத்தை மறைக்க ஒரு பெயின்ட்டைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். தினமும் பத்து முறை திறந்து மூடும் பர்ஸில் மடிப்பு விழும் இடத்தில்தான் அது முதலில் வெடிக்கும். தோல் வளையும், பெயின்ட் அந்த அளவுக்கு வளையாது, அவ்வளவுதான் விஷயம். தோல் வேலை தெரிந்தவர் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசித் தருவார். அதற்கு முன் பர்ஸ் வாங்கிய கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் வெளி ஆள் கை வைத்த பொருளைச் சில கம்பெனிகள் பிறகு தொடவே தொடாது. நெயில் பாலிஷை மட்டும் தடவிவிடாதீர்கள். அது இன்னும் விறைப்பானது, அடுத்த வாரமே வெடிக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது லோகோவைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவி உள்பக்கம் மடித்துத் தைத்திருந்தால் உரிவதற்கு அங்கே பெயின்ட்டே இல்லை. அது கொஞ்சம் கூடுதல் வேலை, அதனால் விலை அதிகமுள்ள எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: லூயி வித்தான் பர்ஸுக்கு என்ன கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கும் க்ரீம்) போடலாம்? எழுத்தும் பூவும் போட்ட பழுப்பு நிற மாடல்.

பதில்: வெளிப்பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம். அது தோலே இல்லை! பருத்தித் துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. அந்த எழுத்து-பூ டிசைனை லூயியின் மகன் ஜார்ஜ் வித்தான் 1896-ல் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான், அந்த நோக்கம் எப்படிப் போனது என்று தெருவுக்குத் தெரு தெரிகிறது. லேசான ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கண்டிஷனர் பிளாஸ்டிக்குக்குள் இறங்காது, மேலே பிசுக்காக நிற்கும். இதைச் சொன்னால் ‘இவ்வளவு கொடுத்து வாங்கியது தோல் இல்லையா’ என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஆனால் கீறலும் மழையும் தாங்குவதில் அந்தத் துணி பல மென்தோல்களைவிட கெட்டி. பிராடா பிராண்டால் பேர்பெற்ற சஃபியானோவும் பூச்சு விஷயத்தில் ஏறக்குறைய இந்த வகைதான், ஆனால் அது நிஜத் தோல், குறுக்குக் கோடுகள் அழுத்திப் பூச்சு கொடுத்தது. பல வருடம் புதுசு மாதிரியே இருக்கும். பழகப் பழக நிறம் ஏறி அழகாக வேண்டும் என்கிறவர்களுக்கு அது சரிப்படாது, அவர்கள் பூச்சில்லாத, மரப்பட்டை போன்ற தாவரச் சாறுகளால் பதனிட்ட தோலைத் தேட வேண்டும்.

கேள்வி: பரிசாக வந்த டிசைனர் பர்ஸை வீணாக்கக் கூடாது என்று பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் உள்பக்கம் பசை போல ஒட்டுகிறது, தூள் தூளாக உதிர்கிறது. ஒருநாள்கூட பயன்படுத்தவில்லையே!

பதில்: கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. வெளியே நல்ல தோல், உள்ளே லைனிங் மட்டும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு என்பது விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. சில வகைப் பாலியூரித்தேனைக் காற்றில் இருக்கும் ஈரமே மெல்ல மெல்ல உடைத்துவிடும், நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மோசம், தோலில் பூஞ்சையும் பிடிக்கும். துடைத்தோ பவுடர் போட்டோ ஒட்டுவதை நிறுத்த முடியாது. லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு துணியோ மெல்லிய தோலோ வைத்துத் தைக்கலாம், வெளித்தோல் நன்றாக இருந்தால் அந்தச் செலவு நியாயம்தான். இனி எதையும் வாங்கினால் துணிப்பையில் போட்டு, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அதைவிட நல்லது, எடுத்துப் பயன்படுத்துங்கள். பர்ஸ் என்ன வங்கி லாக்கரில் வைக்கும் நகையா?

கேள்வி: கார்டுகள் தானாக நழுவி விழுகின்றன. ஆரம்பத்தில் இழுத்தாலும் வராது.

பதில்: ஒரு அறையில் இரண்டு கார்டு செருகியிருப்பீர்கள். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இரண்டைத் திணித்தால் தோல் விரிந்து கொடுக்கும், ஒன்றை எடுத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. புதுசாக இருக்கும்போது இறுக்கமாக இருப்பது குறை இல்லை, கொஞ்ச நாளில் தளரும் என்று கணக்குப் போட்டே தைப்பார்கள். இன்னொன்று, பன்னிரண்டு கார்டு என்றால் அதுவே 9 மில்லிமீட்டர், தோலும் ரசீதுகளும் தனி. அதைப் பின்பாக்கெட்டில் வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் மடிப்பும் தையலும் போகும் என்பதோடு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பும் அழுந்தி வலி வரலாம். முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: காந்தப் பட்டன் வைத்த பர்ஸ் கார்டைக் கெடுக்குமா?

பதில்: சிப்பை ஒன்றும் செய்யாது. பின்னால் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டை அழிய வாய்ப்புண்டு, ஹோட்டல் அறைக் கார்டுகளில் அந்தப் பட்டை இருந்தால் இன்னும் சீக்கிரம். காந்தத்தை ஒட்டி இருக்கும் அறையில் கார்டு வைக்காதீர்கள், போதும்.

கேள்வி: வெள்ளை பர்ஸில் ஜீன்ஸ் நீலம் ஏறிவிட்டது. சானிடைசர் போட்டுத் துடைக்கலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் ஆல்கஹால் நீலத்தோடு தோலின் மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும், அப்புறம் அந்த இடம் இன்னும் வேகமாக அழுக்கு குடிக்கும். ஜீன்ஸின் இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, உரசினால் வந்துவிடும். பூச்சுள்ள தோல் என்றால், ஏறி ரொம்ப நாள் ஆகவில்லை என்றால், மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஓரளவு எடுக்கும். முதலில் கண்ணில் படாத மூலையில் துடைத்துப் பாருங்கள். பூச்சில்லாத தோல் என்றால் சாயம் உள்ளே இறங்கியிருக்கும், அடர் நிறத்தில் மறுசாயம் ஏற்றுவதுதான் வழி.