டிரி, செண்டிரி: எது எங்கே?

வணக்கம். இந்தோனேசிய மொழியில் 'நான் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'சாய மெலிஹாட் சாய டி செர்மின்' என்று எழுதியதை ஆசிரியர் ஏன் அடித்தார், இரண்டாவது 'சாய'வுக்குப் பதில் 'சாய செண்டிரி' போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. 'சாய மெலிஹாட் டிரி சாய டி செர்மின்' என்பதே சரி. 'என்னை நானே' என்னும் பொருளைத் தருவது 'டிரி'. 'செண்டிரி' நம் 'தானே' போல அழுத்தம் தரும். 'டியா மாசாக் செண்டிரி' என்றால் அவரே சமைக்கிறார், பிறர் உதவியில்லை. பெயருக்குப் பின் வந்தால் 'சொந்த' என்று பொருள்: 'ருமா செண்டிரி' என்றால் சொந்த வீடு.

படர்க்கையில்தான் கவனம் வேண்டும். 'அலி மெலிஹாட் டியா' என்றால் அலி பார்த்தது வேறொருவரை. தன்னையே பார்த்தார் எனில் 'டிரிஞா'. ஆனால் 'அலி பெர்காத்தா புடி மெங்கிரிட்டிக் டிரிஞா' (புடி தன்னைக் குறை சொன்னதாக அலி சொன்னார்) என்ற வாக்கியத்தில் புடி குறை சொன்னது தன்னையா, அலியையா? இரண்டுக்கும் இடமுண்டு, நம் 'தன்னை'யிலும் இதே குழப்பம் வரும். 'டிரிஞா செண்டிரி' என்று எழுதுங்கள், புடி தன்னையே குறை சொன்னார் என்பது உறுதியாகிவிடும்.

இன்னொன்று: குளித்தேன் என்பதற்கு 'மெஞ்சூச்சி டிரி' என்று கட்ட வேண்டாம், 'சாய மண்டி' போதும். முகம் மழித்துக்கொள்வது 'பெர்ச்சுக்குர்', ஒளிந்துகொள்வது 'பெர்செம்புஞி'. நம் 'கொள்' வேலையை இந்த வினைகளே செய்துவிடுகின்றன. ஆனால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கு 'மெம்பெர்கெனால்கான் டிரி' என்று 'டிரி' வேண்டும். இங்கே 'டிரி'யை விட்டால், யாரை அறிமுகப்படுத்தினீர்கள் என்ற கேள்வி நிற்கும்.