மனிதக் கரு முதலில் மீனாக இருந்து, பிறகுதான் மனிதனாகிறதா?

இல்லை. உங்களுக்கும் யாரோ விலங்கியல் வாத்தியார் பல விலங்குகளின் கருக்களை வரிசையாக அடுக்கிய அந்தப் படத்தைக் காட்டித்தான் இப்படிச் சொல்லியிருப்பார். அவரைத் திட்டாதீர்கள், நானும் அதே தப்பைச் செய்தவன்.

கருவில் நாம் மீனாகி, பல்லியாகி, குரங்காகி, கடைசியில் மனிதராகிறோம் என்று எட்டு வருடம் பாடம் நடத்தினேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “சார், அப்ப எந்த வாரத்துல செதில் இருக்கும்?” “பரீட்சைக்கு வராது, உட்கார்” என்றேன்.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். செதில் எந்த வாரத்திலும் இல்லை. கரு மீனாகி, பல்லியாகி வருகிறது என்பது 1866-இல் ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் சொன்ன கருத்து. 1874-இல் அவர் வெளியிட்ட கருப் படங்களில் ஒற்றுமையைக் கூட்டி வரைந்திருக்கிறார் என்று அப்போதே சண்டை நடந்திருக்கிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், சரியான விடை 1828-லேயே இருந்தது. நம் கரு வளர்ந்த மீனைப் போல் இருப்பதில்லை, மீனின் கருவைப் போல்தான் இருக்கிறது, வளர வளர இரண்டும் விலகுகின்றன என்று கருவியல் அறிஞர் ஃபான் பேயர் எழுதிவிட்டார்.

நான்காம் வாரத்தில் கருவின் கழுத்துப் பக்கம் தெரியும் மேடுகளைத்தான் நான் செவுள் என்று சொல்லிவந்தேன். மீனில் முதல் மேடு தாடையாகும், பின்னால் உள்ளவை செவுளைத் தாங்கும். நமக்கோ முதல் மேட்டிலிருந்து தாடையோடு காதின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் வருகின்றன. கடைசி மேடுகள் குரல்வளைக் குருத்தெலும்பாகின்றன. அன்று அவளை உட்காரச் சொன்ன குரல் அங்கிருந்து வந்ததுதான்.

உடனே ‘பரிணாமமே பொய்’ என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். பொய்யானது அந்தப் படிக்கட்டுக் கதை மட்டும். ஈக்கும் நமக்கும்கூட உறவு உண்டு என்பதற்கு மரபணுக்களே சாட்சி. கருவில் எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று இடம் பிரிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் பழ ஈக்கு 8, நமக்கு 39. 1995-இல் எலியின் கண் மரபணு ஒன்றை ஈயின் காலில் வேலை செய்யவிட்டார்கள். காலில் கண் முளைத்தது. எலிக்கண் அல்ல, ஈக்கண்!

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால், “மார்க் வருமா சார்?” என்கிறார்கள்.

சரி, மறுநாள் வகுப்பில் தப்பை ஒப்புக்கொண்டு திருத்திச் சொன்னேன். கேள்வி கேட்டவள் அன்று லீவு.