அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள் ஏன் ஸ்பானிஷை விட்டுவிடுகிறார்கள்? வீட்டில் பேசினால் போதாதா?

போதாது. வீட்டில் பேசுவது அவசியம்தான், ஆனால் பள்ளிக்கூடம் அந்த மொழியை மதிக்காவிட்டால் பல பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதுக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல வருடமாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா குடும்பங்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். ஐந்து வயதில் சேரும்போது ஸ்பானிஷில் ஓயாமல் கதை சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் பார்த்தால், கூட்டிப்போக வந்த பாட்டி ஸ்பானிஷில் ஏதோ கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும், பாட்டிக்குப் பாதி புரியாது. பெற்றோர் அக்கறை காட்டவில்லை என்று உடனே பேசுகிறார்கள். அது அநியாயமான பேச்சு.

டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதையே அங்கே 1918-ல் குற்றமாக்கினார்கள். விளையாடும் இடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். மார்ஃபா என்ற சிற்றூரில், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த பிளாக்வெல் பள்ளியில், 1954-ல் ஒரு சடங்கே நடந்தது. இனி ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதவைத்து, அந்தச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, பிணத்தை அடக்கம் செய்வதுபோலப் பள்ளி வளாகத்தில் புதைத்தார்கள். அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022-ல்தான் வந்தது. இப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசியதில் என்ன ஆச்சரியம்? பட்டதெல்லாம் தங்களோடு போகட்டும் என்று நினைத்தார்கள்.

பியூ ஆய்வு மையத்தின் 2023 அறிக்கைப்படி, லத்தீனோ பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஸ்பானிஷில் உரையாட வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அதைச் சொல்லிச் சக லத்தீனோக்களே தங்கள் மனதை நோகடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பேசினால் பள்ளியில் அடி, பேசாவிட்டால் சொந்தக்காரர்களிடம் ஏச்சு.

சரி, அரசியலுக்கு வருகிறேன். இருமொழிக் கல்விக்கான முதல் கூட்டாட்சிச் சட்டம் 1968 ஜனவரியில் வந்தது. கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், இளம் வயதில் டெக்சஸின் கொட்டுல்லா ஊரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். அதற்கும் முன்பே, 1963-ல், மயாமியில் கியூபா அகதிகள் நிறைந்த பகுதியிலிருந்த கோரல் வே பள்ளி பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று நடத்திக் காட்டியிருந்தது.

கலிபோர்னியாவில்தான் பெரிய அடி விழுந்தது. 1996-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தையல் கூடங்களில் வேலை பார்த்த லத்தீனோ பெற்றோர் சிலர், எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரவில்லை என்று பள்ளியைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாமல், பெயருக்கு நடந்த இருமொழி வகுப்புகள் உண்மையிலேயே இருந்தன. அதைச் சரிசெய்ய ஆசிரியரும் பணமும் கொடுத்திருக்க வேண்டும். ரான் உன்ஸ் என்ற தொழிலதிபர் அந்தக் கோபத்தையே சுட்டிக்காட்டி 1998-ல் புரொபோசிஷன் 227 என்ற சட்ட முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். சுமார் 61 சதவீத ஆதரவோடு வென்றது. அதன்படி ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரே வருடம் தனிப் பயிற்சி, பிறகு நேராக ஆங்கில வகுப்பு. 2016-ல் 73 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து மக்களே அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதற்குள் 18 வருடம் போய்விட்டது. அப்போது பள்ளிக்கு வந்த பிள்ளைகள்தான் இன்று இருமொழி ஆசிரியர்களாக வந்திருக்க வேண்டிய வயதில் இருக்கிறார்கள். இன்று ஆசிரியர் தட்டுப்பாடு என்று புலம்பினால் எங்கே போவது?

நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் இருமொழித் திட்டம் இருந்தது. மழலையர் வகுப்பில் 90 சதவீதம் ஸ்பானிஷ், ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வந்து நான்காம் வகுப்பில் பாதிக்குப் பாதி. ம, மெ, மி, மொ, மு என்று அசைகளைக் கைதட்டிச் சொல்ல ஆரம்பித்த பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் சின்ன வாக்கியங்களைப் படிப்பார்கள். ஸ்பானிஷில் பெரும்பாலும் எழுதியிருப்பதுதான் உச்சரிப்பு, அதனால் வாசிப்பு சட்டென்று பிடிபடும். எழுத்தைச் சேர்த்துப் படிக்கும் வித்தையை ஒருமுறை பிடித்துவிட்டால் அது அப்படியே ஆங்கிலத்துக்கும் உதவுகிறது. வீட்டுப்பாடத்தில் அம்மாவால் உதவ முடிகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது: இருமொழி வகுப்பு லத்தீனோ பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத் தேர்ச்சிக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறார்கள், உயர்நிலைப் பள்ளி முடிவதற்குள் ஆங்கிலம் மட்டும் படித்தவர்களை முந்திவிடுகிறார்கள். முதல் மூன்று வருட மதிப்பெண்ணை வைத்துத் திட்டத்தை மூடுகிற அதிகாரிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. இந்த வகுப்புகளில் இப்போது இடம் கேட்டு வரிசையில் நிற்பவர்களில் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளை ஸ்பானிஷில் நாலு வார்த்தை சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டிலிருந்தே ஸ்பானிஷோடு வரும் பிள்ளையின் பெயருக்கு எதிரில் ஆங்கிலம் போதாது என்ற குறிப்பு. என் மகள் கடையில் என்னிடம் தமிழ் பேசினால் ஆசையாகக் கேட்கிறார்கள். பக்கத்து வரிசையில் ஸ்பானிஷ் பேசும் அம்மாவை முறைக்கிறார்கள். தமிழை யாரும் வாக்கெடுப்புக்கு விட்டதில்லை.

2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து ஜனாதிபதி ஆணை வந்ததும், ஸ்பானிஷ் வகுப்பைக் கேட்கவே சில அம்மாக்கள் பயந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாநிலச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஒரு பள்ளியில் 30 பிள்ளைகளின் பெற்றோர், அல்லது ஒரே வகுப்பு நிலையில் 20 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், முடிந்தவரை அந்த மொழித் திட்டத்தைத் தர கலிபோர்னியாவில் பள்ளி கடமைப்பட்டது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷிலேயே எழுதிக் கொடுக்கலாம்.