ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் வேலை

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். காரைக்குடியில் ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் 12,000 ரூபாய். அனுப்பும் ஆள் வேலையில் சேர்ந்தால் இன்சென்டிவ். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்புகிறார்கள். “நாளைக்கு ஒன்று என்றால் ஊரார் உன்னைத்தான் கேட்பார்கள்” என்று அம்மா பயப்படுகிறார். சேரலாமா?
– வாசகி, புதுவயல்

பதில்: அன்பு மகளுக்கு,

சேரலாம். ஆனால் அம்மாவின் பயம் நியாயமானது.

எந்தக் கம்பெனி என்ன சம்பளம் தருகிறது, பி.எஃப். 12 சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே வருடத்தில் உனக்கு அத்துப்படியாகிவிடும். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசும் கூச்சம் போய்விடும். பின்னால் பெரிய கம்பெனியில் எச்.ஆர். வேலைக்குப் போகவும் இந்த அனுபவம் உதவும்.

கஷ்டமெல்லாம் டார்கெட்டில்தான். ஆபீஸ் வேலைகளுக்கு ஆள் கொடுத்தால், ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளத்தை, கம்பெனி கட்டணமாகத் தருவது பரவலான வழக்கம். சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் நின்றுவிட்டால் பதில் ஆள் தர வேண்டும். உன் இன்சென்டிவும் பெரும்பாலும் போய்விடும். மாதக் கடைசி நெருக்கடியில்தான் இல்லாததையும் இருப்பதாகச் சொல்ல வாய் வரும்.

நானும் உன் வயதில் இப்படி ஓர் ஆபீஸில் இருந்தேன். மேனேஜர் சொன்னதை நம்பி, தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் “எட்டு மணி நேரம், தங்குமிடம் இலவசம்” என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை மாதத்தில் பையோடு வந்து நின்றான். வேலை பன்னிரண்டு மணி நேரமாம். சம்பள ரசீதை என் மேஜையில் விரித்து, ரூம் வாடகை பிடித்திருந்த வரியில் விரலை வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஆஃபர் லெட்டரைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் நான் பஸ் ஏற்றியதில்லை.

நம் பக்கத்துக்கு இது புதிதா என்ன? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிய காலத்திலேயே நகரத்தார் சம்பளச் சீட்டு எழுதினார்கள். இத்தனை வருடம், இவ்வளவு தொகை என்று பேசியதெல்லாம் எழுத்தில் இருந்தது. நீயும் கம்பெனி சொல்வதை எழுத்தில் வாங்கு.

அப்புறம் பண விஷயம். உள்நாட்டுக் கம்பெனி வேலைக்கு வருகிறவரிடமே ‘டெபாசிட்’ கேட்கும் ஆபீஸ் என்றால் சேராதே. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். அப்படிப் பதிந்தவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி., இதற்கு மேல் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் வாங்குகிற இடமாக இருந்தால், ரசீது எழுதும் கை உன்னுடையதாகிவிடும். பணம் கட்டிய பையனின் அம்மா உன் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

சேருவதற்கு முன் ஒரு நாள் அம்மாவையும் அந்த ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போ. சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருவருமாகத் தேடிப் பாருங்கள்.