‘வணக்கம் சார்’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு: கேள்வி-பதில்

பேசுவதில் வரும் சிக்கல்களைப் பற்றி இந்த மாதம் நாற்பது கடிதங்களுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பழைய வேண்டுகோள்தான்: யாரிடம், எங்கே, என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அது இல்லாத கடிதத்துக்கு என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

எனக்குப் பேச்சுத் திறமை போதாது. வளர்த்துக்கொள்ள வழி சொல்லவும். (வாசகர், கரூர்)

மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? மேலாளரிடம் விடுப்பு கேட்க நாக்கு எழவில்லையா, கூட்டத்தில் எழுந்து நின்றால் கால் நடுங்குகிறதா, வீட்டில் ஒன்று சொல்லப்போய் வேறொன்றாக முடிகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மறுபடி எழுதுங்கள். தபாலில் சேர்க்கும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். என்ன விட்டுப்போயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

உயர் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் ‘வணக்கம் சார்’ என்று அனுப்பினேன். நீல டிக் வந்து இரண்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. இது அவமதிப்பு அல்லவா? (வாசகர், சென்னை)

இல்லை. நீங்கள் விஷயத்தைச் சொல்வீர்கள் என்று அவர் காத்திருந்தார். அவர் வணக்கம் சொல்வார் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.

நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். அப்பா பெயர், ஊர், பள்ளி என்று ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

அதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறதே! இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், அதில் நீங்களே முன்நின்று முடித்த வேலை எது, இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று மூன்றையும் சொல்லி நிறுத்துங்கள். ஒன்றரை நிமிடம் போதும். முந்தைய நாள் இரவு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. மனத்துக்குள் எல்லோருமே பேச்சாளர்கள்தான்.

எங்கள் நிறுவனத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகபாவத்துக்கும் உடல்மொழிக்கும் 55 என்றார்கள். அப்படியானால் நான் ஏன் சொற்களைத் தேடித் திணற வேண்டும்? (வாசகர், கோவை)

வந்துவிட்டதா! ஆண்டுக்கு ஐந்தாறு முறையாவது இந்த 7-38-55 என் மேசைக்கு வந்து சேர்கிறது. முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர்களுக்கான ஒரு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான். ஒரு கல்லூரியில், பார்வையற்ற மாணவர் ஒருவர் எழுந்தார். “அப்படியானால் ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்கு 45 சதவீதம்தான் வந்து சேர்ந்ததா?” என்று கேட்டார். அவர்தான் அன்று நான் பேசியதை எல்லோரையும்விடத் தெளிவாகத் திருப்பிச் சொன்னவர். வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்று தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர், 1967-ல் சக ஆய்வாளர்களோடு இரண்டு சிறிய சோதனைகளை வெளியிட்டார். ஒன்றில் ‘நன்றி’, ‘பயங்கரம்’ போன்ற ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். இன்னொன்றில் ‘இருக்கலாம்’ என்ற பொருள் தரும் ஒரே சொல். அதை மூன்று தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகங்களின் புகைப்படங்களையும் காட்டினார்கள். இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் போட்ட கணக்குதான் இது. வாக்கியம் இல்லை, செய்தி இல்லை, வாதம் இல்லை. உடல்மொழி என்பதும் முழு உடல் இல்லை, வெறும் முகம்தான். உணர்வையோ விருப்பு வெறுப்பையோ பற்றிப் பேசாத இடத்தில் இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைத்தான் பயிற்சி வகுப்புகள் வசதியாக மறந்துவிட்டன.

ரயில் நிலையத்தில் “மூன்றாவது நடைமேடைக்குப் பதிலாக ஐந்தாவது நடைமேடைக்கு வரும்” என்று ஒலிபெருக்கி சொல்கிறது. முகம் கிடையாது, குரலும் பதிவு செய்யப்பட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமா இல்லையா? 7 சதவீதத்துக்கா அந்த ஓட்டம்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு “ஒன்றுமில்லை” என்று சொன்னால் சொல்லை நம்பாதீர்கள், முகத்தை நம்புங்கள். மெஹ்ராபியன் அளந்தது இந்த மாதிரி இடத்தைத்தான். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள். ஒன்று பொருட்பாலில், ஒன்று காமத்துப்பாலில். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. வள்ளுவர் முகத்தைப் படிக்கவும் சொன்னார், சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார். சதவீதம் மட்டும் போடவில்லை.

ஆகவே கோவை அன்பரே, சொற்களைத் தேடித் திணறுங்கள். நல்ல திணறல்தான் அது.

மேலாளர் போகிற போக்கில் வாய்மொழியாக வேலை சொல்கிறார். செய்து முடித்த பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்கிறார். (வாசகி, ஓசூர்)

கேட்டதை அங்கேயே திருப்பிச் சொல்லுங்கள்: “சரி, வியாழக்கிழமைக்குள் இரண்டு கிளைகளின் கணக்கு மட்டும், மொத்தத் தொகை தேவையில்லை, சரிதானே?” இருக்கைக்கு வந்ததும் அதையே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரம் கொடுக்கும் அனுமதியைத் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை யாரும் அவமரியாதை என்பதில்லை.

1977 மார்ச்சில் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. விமானமோ அப்போதே ஓட ஆரம்பித்திருந்தது. காரணங்கள் பல உண்டு என்றாலும், அந்த விபத்துக்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லையே வானொலியில் பயன்படுத்தக் கூடாது என்று ஒழுங்கு செய்தார்கள். சொற்களுக்கு 7 சதவீதம் என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நிலப் பட்டா மாறுதலுக்காக நான்கு பக்க மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? (வாசகர், ஊர் எழுதவில்லை)

ஊர் எழுதவில்லை, எந்த நிலம் என்று எழுதவில்லை, மனுவின் தேதியும் எழுதவில்லை. ஆட்சியருக்குக் கொடுத்த மனுவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: “இன்ன கிராமம், இன்ன சர்வே எண், பட்டா மாறுதல் வேண்டும்.” தாத்தா காலத்துப் பங்காளிச் சண்டை இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும், இல்லாமலே போனாலும் நல்லது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கும்போது ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் தரும். அதிகாரியின் மனத்தில் உள்ளதைத் தராது. “இன்ன தேதியில் நான் கொடுத்த, இன்ன எண்ணுள்ள மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல்களைத் தரவும்” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இதையும் அனுப்பும் முன் வாய்விட்டுப் படியுங்கள்.

நண்பரிடம் ‘உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு’ என்றேன். அவர் கோபம் கூடிவிட்டது. (வாசகர், நாகர்கோவில்)

‘புண்பட்டிருந்தால்’ என்பதை எடுத்துவிடுங்கள். புண்பட்டதா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் எல்லோரும் என் உச்சரிப்பையே கவனிக்கிறார்கள். (வாசகி, மதுரை)

அவர்கள் தங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். மெதுவாகப் பேசுங்கள், சிறு வாக்கியமாகப் பேசுங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் அப்பா தனியாக இருக்கிறார். தினமும் பேசுகிறேன். ‘சாப்பிட்டீர்களா?’ ‘சாப்பிட்டேன்.’ ‘உடம்பு?’ ‘பரவாயில்லை.’ அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்தில் வைத்துவிடுகிறோம். (வாசகர்)

இந்த மாதம் வந்தவற்றில் எனக்குப் பிடித்த கடிதம் இது. யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்று அப்படியே எழுதியிருக்கிறார், பாருங்கள்.

நீங்கள் கேட்பவை எல்லாம் ஒற்றைச் சொல்லில் முடிகிற கேள்விகள். நலம் விசாரிக்கிறவரிடம் அந்தத் தலைமுறை ஆண்கள் நோயைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது நிச்சயம் சொல்ல மாட்டார்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மகள் திருமணத்துக்கு எவ்வளவு மொய் வைக்கலாம், அம்மா அந்தக் காலத்தில் வைத்த மீன் குழம்பில் புளியை எப்போது கரைத்து ஊற்றுவார்? பதில் தெரிந்தாலும் கேளுங்கள். தினமும் ஒரு நிமிடம் பேசுவதைவிட வாரம் இரண்டு நாள் கால் மணி நேரம் மேல். நடுவில் அவர் பேசாமல் இருந்தால் உடனே “சரி அப்பா, வைக்கட்டுமா” என்று பாயாதீர்கள். பத்து வினாடி பொறுங்கள். முழங்கால் வலியைப் பற்றி அவர் சொல்வதாக இருந்தால் அந்தப் பத்து வினாடிக்குப் பிறகுதான் சொல்வார்.

சென்ற மாதம் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

இரண்டு முறை படித்தேன். மாமனார், வங்கி, பழைய ஸ்கூட்டர் எல்லாம் இருந்தன. கேள்வி மட்டும் இல்லை.